தொட்டித் தண்ணீரும் அங்கத்தினர் நோட்டும்

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர் லாரி எங்கள் தெருவுக்குள் திரும்பினால், மறுநாள் எங்கள் பாப்டிஸ்ட் சபையில் ஞானஸ்நானம் என்று அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும். பிரசங்க மேடையில் விரித்திருக்கும் கம்பளத்தைச் சுருட்டி, கீழே உள்ள பலகைகளைத் தூக்கினால் ஓடு பதித்த தொட்டி ஒன்று இருக்கும். ஆறடி நீளம், நாலடி அகலம், நாலடி ஆழம். மூன்றரை அடிக்கு நிரப்பச் சுமார் 2,400 லிட்டர் பிடிக்கும். லாரிக் குழாயை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, வாலிபர் இரண்டு பேர் அதன் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கை நழுவினால் கீபோர்டு போச்சு.

2019 கோடையில் அந்த லாரி வரவில்லை. சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்து இறங்கிய ஆண்டு அது. எங்கள் சபையில் ஐந்து பேர் ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்தார்கள். அங்கத்தினர் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, “தெருவுல ஜனம் குடத்தோட வரிசைல நிக்குது, நாம தொட்டி ரொப்பிக்கிட்டு இருக்கலாமா பாஸ்டர்?” என்றார். ஒருவரும் பதில் பேசவில்லை. மழை வரட்டும் என்று தள்ளிவைத்தோம். நவம்பரில்தான் நடந்தது. இடையில் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த என் மாமா, “தலையில கொஞ்சம் தெளிச்சு முடிச்சிட வேண்டியதுதானே, அஞ்சு பேருக்கு அஞ்சு டம்ளர் தண்ணி போதுமே” என்று கேட்டார். அவருக்கு அது யோசனை. எங்களுக்கு அது நடக்கவே நடக்காத காரியம்.

இந்த இடத்தில்தான் வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வருகிறது. பாப்டிஸ்ட் என்றால் முழுக்கு, அதாவது ஆளையே தண்ணீருக்குள் முக்கி எடுக்கும் ஞானஸ்நானம், கொடுப்பவர்கள், அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளும் முழுக்குத்தான் கொடுக்கின்றன. பிரதரன் சபைகளும் அப்படியே. சென்னையில் முழுக்கு கொடுக்கும் சபைகளை எண்ணப் புகுந்தால் பொழுது போதாது. பாப்டிஸ்ட் சபையைத் தனியாக அடையாளம் காட்டுவது தொட்டி இல்லை. செயலாளர் வீட்டு பீரோவில், துணிக்கட்டு ஒன்றுக்குள் சுற்றி வைத்திருக்கும் அங்கத்தினர் நோட்டு. யார் சபை, யார் சபை இல்லை, யாரை யார் ஏற்றுக்கொண்டார்கள், எந்தத் தேதியில், முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார் என்று எழுதிய கெட்டி அட்டை நோட்டு. மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது, நல்லதும் கெட்டதும்.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1609-இல் ஆம்ஸ்டர்டாமில் அகதியாக இருந்த ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் போதகர், குழந்தையாக இருந்தபோது தனக்குக் கிடைத்த ஞானஸ்நானம் செல்லாது என்று முடிவுகட்டி, முதலில் தனக்கும் பிறகு கூட இருந்தவர்களுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். அவர் முழுக்கவில்லை, தண்ணீரை ஊற்றினார். முழுக்கு என்பது லண்டன் பாப்டிஸ்டுகளிடம் 1640-களில்தான் வழக்கமானது. ஆக, 1609-இல் புதிதாக இருந்தது தண்ணீரின் அளவு அல்ல, ஆட்களின் கணக்கு. அதுவரை இங்கிலாந்தில் ஒரு ஊரில் பிறந்தவரெல்லாம் அந்த ஊர்ச் சபையார். இந்தச் சிறு கூட்டமோ, பிறப்பால் யாரும் சபையாகிவிட முடியாது, தானே வாய் திறந்து விசுவாசத்தைச் சொன்னவர் மட்டுமே சபை என்றது. ஸ்மித்தோடு இருந்த தாமஸ் ஹெல்விஸ் 1612-இல் லண்டனுக்குத் திரும்பி ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் ஒரு சபையைத் தொடங்கினார். மனிதரின் ஆத்துமாவின் மேல் அரசனுக்கு அதிகாரம் இல்லை என்று எழுதினார். சிறைக்குள் போனவர் வெளியே வரவில்லை.

பெயர்ச் சொல்லைப் பற்றி ஒரு கிளைக்கதை. ஞானஸ்நானத்துக்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்கு ‘முழுக்கு’ என்றே எழுத வேண்டும் என்பது பாப்டிஸ்ட் மொழிபெயர்ப்பாளர்களின் பிடிவாதம். கல்கத்தாவில் வில்லியம் யேட்ஸ் தன் வங்காளப் புதிய ஏற்பாட்டில் அப்படித்தான் எழுதினார். அதற்குப் பணம் தர வேதாகமச் சங்கங்கள் மறுத்தன. சண்டை முற்றி, 1836-இல் அமெரிக்க பாப்டிஸ்டுகள் தனியாக ஒரு வேதாகமச் சங்கமே தொடங்கினார்கள். தமிழில் அந்தச் சண்டைக்கு வேலை இல்லாமல் போனது. இங்கே சொல் ‘ஞானஸ்நானம்’. ஸ்நானம் என்றால் குளியல். தலையில் மூன்று சொட்டு விட்டுவிட்டுக் குளித்தேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இன்னும் வேடிக்கை, 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘திருமுழுக்கு’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. அதை இன்று அதிகம் புழங்குபவர்கள் குழந்தையின் நெற்றியில் நீர் வார்க்கும் கத்தோலிக்கர்கள். பாப்டிஸ்டுகள் எந்தச் சொல்லுக்காக ஒரு சங்கத்தையே உடைத்தார்களோ அதன் தமிழ் வடிவம் எதிர்த்தரப்பில் சவுக்கியமாக இருக்கிறது. எங்கள் சபைகளில் யாராவது திருமுழுக்கு என்று சொன்னால், “ஆர்.சி.யா நீங்க?” என்று கேட்பார்கள்.

சென்னைக்கு வருவோம். இந்த ஊர் வழியாகப் போன முதல் பேர்பெற்ற பாப்டிஸ்ட், அடோனிராம் ஜட்சன். அமெரிக்காவிலிருந்து, குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் காங்கிரிகேஷனல் சபையின் மிஷனரியாகக் கப்பலேறிய அவர், வழியில் வேதத்தைப் புரட்டிப் புரட்டி மனம் மாறி, 1812 செப்டம்பரில் கல்கத்தாவில் முழுக்கு எடுத்துவிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி அவரை வெளியேறச் சொன்னது. சுற்றிவிட்டு 1813 ஜூனில் மனைவியோடு சென்னைக்கு வந்தார். இங்கேயும் பிடித்துக் கப்பலேற்றிவிடுவார்கள் என்ற பயம். உடனே கிளம்பக்கூடிய கப்பல் ரங்கூனுக்குத்தான் இருந்தது, ஏறிவிட்டார். பர்மாவில் அமெரிக்க பாப்டிஸ்டுகளின் சரித்திரம் அப்படித் தொடங்கியது. சென்னைத் துறைமுகத்தில் அன்றைக்கு வேறு கப்பல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. பின்னாளில் ரங்கூனில் தமிழர்களுக்கும் தெலுங்கர்களுக்குமாக பாப்டிஸ்ட் சபைகள் இருந்தன. 1960-களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வியாசர்பாடியிலும் மற்ற இடங்களிலும் குடியேறியவர்களோடு அந்த வாசனையும் கொஞ்சம் இங்கே வந்தது.

சென்னையில் தங்கி வேலை செய்ய வந்தவர் சாமுவேல் டே. 1837-இல் வந்து, 1840-இல் நெல்லூருக்குப் போய்விட்டார். தெலுங்கு ஜனங்களுக்கென்று அனுப்பப்பட்டவர், அவர்கள் நடுவில்தானே இருக்க வேண்டும். நெல்லூர் வேலை பல ஆண்டுகள் பலன் தரவில்லை. மூடிவிடலாம் என்று அமெரிக்காவில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பேச்சு வந்தது. வரைபடத்தில் தனியாக ஒரு புள்ளியாகத் தெரிந்ததால் ஒற்றை நட்சத்திர மிஷன் என்றே அதற்குப் பெயர்.

அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் பெருக வைத்த கதையில் சென்னைக்காரர்கள் தினமும் பார்க்கும் ஒன்று வருகிறது: பக்கிங்காம் கால்வாய். 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலையாகக் கால்வாயை வெட்டினார்கள். கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு அப்போதுதான் வந்தது. பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கும் அதே கால்வாய்தான். வடக்கே ஓங்கோல் பகுதியில் ஜான் கிளாஃப் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி மூன்றரை மைல் நீளத்துக்குக் காண்டிராக்ட் எடுத்தார். மிஷனரியாவதற்கு முன் நில அளவை வேலை பார்த்தவர், மண்வெட்டுக் கணக்கு தெரியும். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தோல் வேலை செய்யும் மாதிகர்கள். மற்ற காண்டிராக்டர்களிடம் அடியும் உதையும் வாங்கியவர்கள் இவருடைய முகாமுக்கு வந்தார்கள். கூலி கொடுத்தார், மாலையில் பிரசங்கமும் நடந்தது. ஆனால் பஞ்சம் தீரும்வரை ஒருவருக்கும் ஞானஸ்நானம் கிடையாது என்று நிறுத்திவைத்தார். சோற்றுக்காக வந்தவர்கள் என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது என்பது அவர் கணக்கு. பஞ்சம் அடங்கிய பின் 1878 ஜூலை 3-ஆம் தேதி குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கு எடுத்தார்கள். ஆறு போதகர்கள், ஒரு நேரத்தில் இரண்டிரண்டு பேராக ஆற்றில் இறங்கிக் கொடுத்தார்கள்.

கிளாஃப் செய்ததை எல்லாரும் எண்ணிக்கைக்காகச் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது அந்த நிறுத்திவைப்பு. கூலிப் பட்டியலும் அங்கத்தினர் பட்டியலும் ஒன்றாகிவிடக் கூடாது என்று ஒரு மனிதர் பஞ்சத்தின் நடுவில் யோசித்திருக்கிறார். அப்படி யோசித்தும் ஜனம் கூட்டங்கூட்டமாகத்தான் வந்தது, ஊர் ஊராக, உறவு உறவாக. தனித்தனி ஆளாகத் தீர்மானிக்க வேண்டும் என்ற கொள்கை இந்திய மண்ணில் முதல் பெரிய அறுவடையிலேயே சாதியின் கட்டுக்கோப்போடு கைகோத்துக்கொண்டது.

அதே 1878-இல் நெல்லூரிலிருந்து லைமன் ஜூவெட் சென்னைக்கு வந்து தெலுங்கு ஜனங்களிடம் வேலை தொடங்கினார். நெல்லூர், ஓங்கோல் பக்கமிருந்து துப்புரவு வேலைக்கும் தோல் கிடங்குக்கும் ரயில்வேக்கும் வந்த குடும்பங்கள் வடசென்னையில் ஏராளம். அதனால்தான் இன்றும் அங்கே பாப்டிஸ்ட் என்று பலகை தொங்கும் பல கோயில்களில் ஆராதனை தெலுங்கில் நடக்கிறது. தமிழர் நடுவில் பாப்டிஸ்ட் வேலை சிறியது. 1861-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சென்னையிலும் சேலம், திருநெல்வேலிப் பக்கங்களிலும் செய்த ஊழியம் அதில் முக்கியமானது. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, கதீட்ரல் ரோடு செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனபோது பாப்டிஸ்டுகள் அதில் இல்லை. பிஷப் வேண்டாம், குழந்தை ஞானஸ்நானம் வேண்டாம் என்பவர்கள் அங்கே போய் என்ன செய்வது?

எங்கள் சபை இந்தப் பெரிய வரலாற்றில் எதிலும் நேரடியாகப் பிறந்ததில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் வந்தது. லேத் வேலைக்கும் பெயிண்ட் கம்பெனிக்கும் வந்த குடும்பங்கள் ஓலைக்கூரை போட்ட வாடகை வீடுகளில் குடியேறின. அம்பத்தூர் அப்போது சென்னையே இல்லை. மாநகராட்சியோடு சேர்ந்தது 2011-இல்தான். அதுவரை தனி ஊர், நடப்பில் ஒரு சின்ன டவுன், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஒரு வீட்டு ஹாலில் ஜெபக்கூட்டம். நாலு குடும்பம் எட்டானது, எட்டு பதினாறானது. ஒருவர் ஓங்கோல்காரர், ஒருவர் சேலத்துக்காரர், இரண்டு குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்திலிருந்து வந்த சி.எஸ்.ஐ. பிள்ளைகள். இதில் என் தாத்தா பாட்டியும் உண்டு.

வீட்டுக் கூட்டம் எப்போது சபையாகிறது? கத்தோலிக்கருக்கு ஆயர் ஒரு பங்கை ஏற்படுத்த வேண்டும். சி.எஸ்.ஐ.யில் பிஷப்பின் கீழுள்ள திருமண்டலம் குருவானவரை அனுப்ப வேண்டும். பாப்டிஸ்டுக்கு அனுப்ப மேலே யாரும் இல்லை. கூடியவர்கள் ஒரு உடன்படிக்கை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, நாங்கள் சபை என்று சொன்னால் சபை. பக்கத்துச் சபைகளின் போதகர்கள் வந்து ஜெபித்துக் கைகுலுக்கிப் போவார்கள், அது மரியாதை. அனுமதி கிடையாது. எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் பதினேழு கையெழுத்து, அதில் மூன்று பெருவிரல் ரேகை. மூன்றாவது ரேகை என் பாட்டியுடையது. கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பெண்ணை ஆதாரமாக வைத்து ஒரு திருச்சபை எழும்ப முடியும் என்பதை நான் இறையியல் புத்தகத்தில் படிக்கவில்லை, அந்த நீல மசிக் கறையில் பார்த்தேன்.

அதே பாட்டிதான் அதற்குப் பத்து வருஷத்துக்கு முன் அவர்கள் வீட்டில் பெரிய சண்டைக்குக் காரணமானவர். குழந்தையில் நாசரேத்தில் ஞானஸ்நானம் பெற்றவர் மறுபடி முழுக்கு எடுப்பதா? “அப்போ சாமியார் குடுத்தது பச்சத் தண்ணியா?” என்று கொள்ளுத்தாத்தா கேட்டாராம். முழுக்கு அன்று அவர் வரவில்லை. என் அப்பா பிறந்தபோது கொண்டுபோனது பிள்ளைப் பிரதிஷ்டைக்கு. போதகர் குழந்தையைக் கையில் வாங்கி ஜெபித்துத் திருப்பிக் கொடுத்தார், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்கள், “பிள்ளைக்கு ஒண்ணுமே செய்யலியே” என்று முணுமுணுத்துக்கொண்டே கேசரி சாப்பிட்டார்களாம். இன்றைக்கும் கலப்புக் குடும்பங்களில், அதாவது ஒரு பக்கம் சி.எஸ்.ஐ., ஒரு பக்கம் பாப்டிஸ்ட், முதல் பேரப்பிள்ளை பிறந்ததும் இந்தப் பேச்சு வரத்தான் செய்கிறது.

சபையானால் போதாது, சட்டத்தின் கண்ணுக்கும் தெரிய வேண்டும். அநேக சபைகள் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் சங்கமாகப் பதிவாகின்றன, குறைந்தது ஏழு பேர் வேண்டும். வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, கணக்கைத் தணிக்கை செய்து தாக்கல் செய்ய வேண்டும். நம்ப மாட்டீர்கள், கைம்பெண் சங்கமும் கிரிக்கெட் கிளப்பும் பின்பற்றும் அதே சட்டம் பாப்டிஸ்ட் கொள்கைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. தீர்மானம், முன்மொழிவு, வழிமொழிவு, கை தூக்கு, எண்ணு. கல்யாணம் நடத்துவது அவ்வளவு சுலபமில்லை. 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பிஷப்பால் அபிஷேகம் பெற்ற குருக்களையும் ஸ்காட்லாந்துச் சபைக் குருக்களையும் முதலிலேயே அங்கீகரித்துவிடுகிறது. மற்ற போதகர்கள் அரசிடம் உரிமம் வாங்க வேண்டும். பிஷப்பே வேண்டாம் என்று இங்கிலாந்தில் பிரிந்து வந்த கூட்டம், விக்டோரியா காலத்துச் சட்டத்தின் வரிசையில் மூன்றாவது ஆளாக நிற்கிறது. எங்கள் போதகருக்கு உரிமம் வரும்வரை கல்யாணங்களுக்கு வேறு சபையிலிருந்து உரிமம் உள்ள ஐயாவை அழைத்துவருவோம். அவர் பதிவேட்டைத் தோல் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார்.

கட்டடம் இன்னொரு பாடு. வழிபாட்டு இடம் என்று கட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். அது கிடைக்கும்வரை வீடு வீடாகவே இருக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் செருப்பு வாசலில் குவியும். எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் பெரிய மனுஷர், பிள்ளையார் சதுர்த்தி மைக்கை நாங்கள் பொறுத்துக்கொள்வோம், எங்கள் மைக்கை அவர் பொறுத்துக்கொள்வார். டிசம்பர் 31 காத்திருப்பு ஆராதனைக்கு மட்டும் பத்து மணியோடு வெளி ஸ்பீக்கரை அணைத்துவிடுவோம், ஒலி மாசு விதி அப்படி. பன்னிரண்டு மணிக்கு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது உள்ளே கூச்சல் எழும், அதற்கு எந்த விதியும் செல்லாது.

வாரத்தின் நடையைச் சொன்னால் பெரும்பாலும் மற்ற சபைகளைப் போலத்தான். காலையில் ஞாயிறு பள்ளி, ஆராதனை, மாதம் ஒரு முறை திருவிருந்து, சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் திராட்சைரசம். புதன் அல்லது வெள்ளி வீட்டு ஜெபம். பெண்கள் ஐக்கியம். மே மாதம் விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, அதற்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் கிறிஸ்தவர் இல்லை, பிஸ்கட்டும் பாட்டும் போதும் அவர்களுக்கு. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ். அறுப்பின் பண்டிகையில் ஒரு முழுப் பலாப்பழம் ஐநூறில் தொடங்கி மூவாயிரத்துக்கு ஏலம் போகும். எடுத்தவரே அதைத் திருப்பிக் கொடுத்து மறு ஏலம் விடச் சொல்வார். இதையெல்லாம் விளக்குவதில் புதிதாக ஒன்றும் இல்லை.

சாவு வரும்போது சபை வேறு முகம் காட்டும். கீழ்ப்பாக்கத்திலும் காசிமேட்டிலும் இடநெருக்கடி. குடும்பக் கல்லறை இருந்தால் அதைத் திறந்து மேலே வைப்பார்கள், இல்லாதவர்கள் புறநகரில் தேட வேண்டும். எங்கே போனாலும் முதலில் கேட்பது சபைப் போதகரின் கடிதம். வருஷக்கணக்கில் சபைப் பக்கம் வராதவரின் பிள்ளைகள் நள்ளிரவில் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டுவது இதற்காகத்தான். நோட்டு பிரியும். பேர் இருந்தால் கடிதம் உடனே. பேர் இல்லாவிட்டாலும் எங்கள் சபையில் கொடுத்துவிடுவார்கள். கண்டிப்பான சபைகளும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த நோட்டு வேறு உபயோகத்துக்கு வந்தது. போன் வேலை செய்யாத அந்த நாட்களில் அதிலிருந்த முகவரிகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு இரண்டிரண்டு பேராகப் போய் ஒவ்வொரு வீட்டையும் பார்த்து வந்தார்கள். போகும் வழியில் இருந்த பக்கத்து வீடுகளுக்கும் ரொட்டியும் பால் பவுடரும் கொடுத்தார்கள்.

இனி சங்கடமான பகுதி. எங்கள் சபையில் இருபது வருஷமாக ஒரு ஞாயிறும் தவறாமல் வருகிறவர்கள் சிலர், பாட்டு எடுத்துக் கொடுக்கிறவர்கள், காணிக்கை கொடுக்கிறவர்கள், நோட்டில் இல்லை. முழுக்கு எடுக்கவில்லை. புதிதாக வரும் போதகர்கள் அவர்களை விசுவாசக் குறைவுக்காரர்கள் என்று பிரசங்கத்தில் குத்துவதுண்டு. காரணம் வேறு. 1950-ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து, சீக்கியர், பௌத்தர் அல்லாதவருக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை என்கிறது. சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடருக்கு பி.சி. சான்றிதழ் கிடைக்கும், எஸ்.சி. கிடைக்காது. மகனின் கல்லூரி இடம், மகளின் வேலை, ஒரே ஒரு முழுக்கில் தொலைந்துபோகலாம். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுத் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் வேலைக்காக மட்டும் இந்து என்று எஸ்.சி. சான்றிதழ் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒவ்வொருவரும் சுயமாக, பகிரங்கமாக, பதிவேட்டில் ஏறும்படி தீர்மானிக்க வேண்டும் என்று கேட்கும் ஒரு சபைக்கு இது நேராக நெஞ்சில் அடிக்கிறது. அரசனுக்கு ஆத்துமாவின் மேல் அதிகாரமில்லை என்று ஹெல்விஸ் எழுதினார். சாதிச் சான்றிதழைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்கு எங்கள் நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலில் ஒரு பட்டியல் உண்டு, ‘சபையில் கூடுவோர்’ என்று. ஓட்டு கிடையாது. பென்சில் என்பதில் ஒரு இரக்கம் இருக்கிறது.

ஓட்டு என்றேன். அங்கத்தினர் கூட்டத்தை நேரில் பார்த்தால்தான் இந்த முறையின் அருமையும் அவஸ்தையும் புரியும். ஆராதனை முடிந்து, டீயும் சமோசாவும் கொடுத்து, அங்கத்தினர் அல்லாதவர்களை அன்போடு வெளியே அனுப்பிவிட்டு, மின்விசிறியை ஒன்றில் வைத்துக்கொண்டு உட்கார்வோம். போன கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்படும். “ஏற்கிறோமா?” கைகள். வரவு செலவு. எண்பது வயது அம்மா ஒருவர் ஒவ்வொரு முறையும் கேட்பார்: “ஜெனரேட்டர் டீசல் ஏன் இவ்வளவு?” பொருளாளர் ஒவ்வொரு முறையும் பில் காட்டுவார். கேட்க அவருக்கு உரிமை உண்டு, பதில் சொல்ல இவருக்குக் கடமை உண்டு. மேஸ்திரி வேலை செய்கிறவரின் கையும் பேங்க் மேனேஜரின் கையும் ஒன்று ஒன்றாகத்தான் எண்ணப்படும். வெளியே அவர் இவரை ‘சார்’ என்கிறார், உள்ளே இரண்டும் ஒரே ஓட்டு. போதகரை அழைப்பதும் அனுப்புவதும் இந்தக் கூட்டம்தான். உதவிக்காரர்களைத் தெரிந்தெடுப்பதும் இதுதான்.

இதே முறைதான் பிளவுக்கும் வழி. சி.எஸ்.ஐ.யில் சண்டை வந்தால் திருமண்டலத் தேர்தலுக்கும் கோர்ட்டுக்கும் போவார்கள், ஆனால் சபையை விட்டுப் போவது அபூர்வம், ஏனென்றால் சொத்து மேலே ஒரு அறக்கட்டளையிடம் இருக்கிறது. எங்களிடம் பன்னிரண்டு கை இந்தப் பக்கம், பதினாலு கை அந்தப் பக்கம் என்றால், தோற்றவர்கள் அடுத்த ஞாயிறு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் கூடலாம். அவர்களும் உடன்படிக்கை எழுதுவார்கள், அவர்களும் சபை. இதைத் தடுக்க வேறொரு குறுக்குவழி சென்னையில் பெருகியிருக்கிறது. நிலத்தைப் போதகர் பேரிலேயே வாங்கிவிடுவது. அங்கத்தினர் கூட்டம் மெல்ல ஆண்டுக்கொரு முறையாகி, பிறகு நின்று, அப்பாவுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் மருமகன் மேடையேறுவது. பலகையில் பாப்டிஸ்ட் என்று இருக்கும், தொட்டி பளிங்கில் இருக்கும், தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட இருக்கும். நோட்டு இருக்காது. அது நல்ல சபையாக இருக்கலாம், பாப்டிஸ்ட் சபை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நோட்டில் இன்னொரு வகைப் பதிவு உண்டு: மாற்றுக் கடிதம். ஒரு பாப்டிஸ்ட் சபையின் அங்கத்தினர் வேறு ஊருக்குப் போனால், இவர் எங்களிடம் நல்ல நிலையில் இருந்தவர், ஏற்றுக்கொள்ளவும் என்று பழைய சபை எழுதும். புதுச் சபை கை தூக்கி ஏற்கும். தனித்தனிச் சபைகளைக் கோக்கும் நூல் இந்தக் கடிதம் ஒன்றுதான். எங்கள் பழைய பக்கங்களில் நெல்லூர், ஓங்கோல், சேலம் என்று வரும். எண்பதுகளில் சிலர் அரக்கோணம், ஓசூர் என்று போயிருக்கிறார்கள். இப்போது ஓ.எம்.ஆர். பக்கம் ஃபிளாட் வாங்கிப் போகிறவர்கள் கடிதம் கேட்பதில்லை. போய்விடுகிறார்கள், ஆறு மாதம் கழித்துத்தான் தெரிகிறது.

போன வருஷம் செப்டம்பர் கூட்டத்தில் இரண்டு கடிதங்கள் வாசிக்கப்பட்டன. இரண்டும் திமாப்பூரிலிருந்து. நாகாலாந்தில் 1872-இல் எட்வர்ட் கிளார்க் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி தொடங்கிய வேலையின் பலன், இன்று அந்த மாநிலத்தில் பெரும்பான்மையே பாப்டிஸ்ட். அண்ணா நகர்ப் பக்கம் சலூனில் வேலை செய்யும் ஒரு பெண்ணும் தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் இன்னொரு பெண்ணும் மூன்று மாதமாகப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ் பாதி புரியும், பாட்டு மெட்டு புரியும். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது, முத்திரையோடு, போதகரும் செயலாளரும் கையெழுத்திட்டு. செயலாளர் வாசித்துத் தமிழில் சொன்னார். டீசல் அம்மா கை தூக்கினார். ஆட்சேபம் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். “வழிமொழியுறேன், எழுதிக்க,” என்றார். நோட்டில் பெயர் எழுதும்போது எழுத்துக் கூட்டல் தெரியாமல் செயலாளர் பேனாவை அந்தப் பெண்ணிடமே நீட்டினார். அந்தப் பக்கத்தில் அந்த இரண்டு பெயர்கள் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன.